மாரடைப்பு என்று சொல்லி வைத்தது

காலை ஆறு மணிக்கே சபீஹா இரண்டு வாழை இலைகளோடு மாடிப்படி ஏறி வந்தாள். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருந்த எட்டு வீட்டு அடுக்ககம் அது. தரைத்தளத்தில் சபீஹா வீட்டுப் பின்பக்கம் இரண்டு வாழை நின்றன. முதல் மாடியில் ஸ்ரீரங்கன் தன் மனைவி அபிதகுஜாம்பாளுக்கு மாதாமாதம் மாசிகத் திதி செய்யும் நாளில், யாரும் கேட்காமலே இலை மேலே போய்விடும். அபிதா போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து முறையும் இலை தவறவில்லை.

இலையை வாங்கிக்கொண்ட ஸ்ரீரங்கன் அவள் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொன்னார். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை என்று அடுக்ககத்தில் பெயர். இந்த ஐந்து மாதமாக அவர் பேசுவதே குறைந்துவிட்டது. மனைவியை இழந்த துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதிதான் துக்கம். மீதி பயம்.

"அண்ணா, கேக்கக் கூடாதுதான்," என்று சபீஹா படியிலேயே தயங்கினாள். "அக்காவுக்கு அன்னிக்கு ரத்தம் எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் கடைசி வரைக்கும் வரவே இல்லையா?"

"வந்துதும்மா. ஒண்ணும் இல்லைன்னு வந்துது."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை. மாரடைப்புதான்."

சபீஹா தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். அவள் நம்பவில்லை என்பது அவள் இறங்கிய வேகத்திலேயே தெரிந்தது. ஸ்ரீரங்கன் கதவைச் சாத்திவிட்டு, இலையைக் கழுவப் போனார்.

இவர் மறைத்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

போன வருடம் பிப்ரவரியில் அபிதா அமெரிக்கா போனாள். கனெக்டிகட்டில் இருக்கும் ஒரே மகள் ஸ்ம்ருதிக்கு இரண்டாவது பிரசவம். நம் காலனிகளில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? பொடி வகைகளும் பிரசவ லேகியமுமாகப் பெட்டி கட்டிக்கொண்டு அம்மாக்கள் விமானம் ஏறுவார்கள். ஆறு மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பாதி உடம்பாகத் திரும்பி வருவார்கள். கூடப் போன ஸ்ரீரங்கன் ஒரு மாதம் மட்டும் இருந்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்னால் வந்துவிட்டார். அபிதா அங்கேயே இருந்து பேத்தி மாளவிகாவைக் குளிப்பாட்டினாள், சமைத்தாள், போதாததற்கு வீட்டுப் பின்னால் வேலியோரம் புல்லைப் பிடுங்கிவிட்டுப் புதினாவும் வெண்டையும் போட்டாள். அங்கே மான்கள் சாதாரணமாக வந்து போகும். "பாருங்கோ, நம்ம ஆத்துக் கொல்லைல மான் மேயறது!" என்று வீடியோ எடுத்து அனுப்புவாள்.

ஜூன் மாதம் ஒரு நாள் வீடியோவுக்குப் பதிலாக ஒரு புகைப்படம் வந்தது. முழங்காலுக்குப் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு வளையம். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் வெளுப்பு, அதைச் சுற்றி மறுபடியும் சிவப்பு. வலியில்லை, அரிப்பில்லை, ஆனால் ஜுரம் அடிக்கிறது என்றாள்.

"ஸ்ம்ருதிகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

ஸ்ரீரங்கன் என்ன சொன்னார் தெரியுமா? "பச்சை உடம்புக்காரியைப் போட்டுப் படுத்தாதே. அந்த ஊர்ல டாக்டர்கிட்டப் போனா சொத்தை எழுதிக் கேப்பான். தேங்காயெண்ணெய் தடவு. இங்க வந்து பாத்துக்கலாம்."

அவளும் எண்ணெய் தடவினாள். வளையம் தானாகவே மறைந்தது. ஆகஸ்டு கடைசியில் ஊர் திரும்பியபோது மூட்டுக்கு மூட்டு வலி இருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு பக்க முகம் இழுத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் சரியானது. பிறகு அசதி, தலைசுற்றல், படியேறினால் மூச்சு வாங்கல். தாம்பரத்தில் இரண்டு டாக்டர்களிடம் அழைத்துப் போனார். டாக்டர் "என்னம்மா பண்ணுது?" என்று அபிதாவைக் கேட்பார். பதில் ஸ்ரீரங்கனிடமிருந்து வரும். "ஒண்ணுமில்ல டாக்டர். அமெரிக்கா போய்க் கொழந்தைய பாத்துண்டா. அந்த அலுப்பு. வயசும் ஆச்சு." டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். சிவப்பு வளையத்தைப் பற்றி எந்த டாக்டருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவள் வாயைத் திறக்க இவர் விட்டால்தானே!

ஜனவரியில், ஸ்ரீரங்கன் படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், சபீஹாதான் அபிதாவை ஆட்டோவில் ஏற்றி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பக்கத்தில் கணவர் இல்லாததால் அபிதா அன்றைக்குத்தான் தன் உடம்பைப் பற்றித் தானே பேசினாள். இளவயது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிவப்பு வளையம் வந்ததைச் சொன்னதும், உண்ணிக் கடியோ என்ற சந்தேகத்தில் ரத்தம் எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். இதயத் துடிப்பு சீராக இல்லை, இன்றைக்கே அட்மிட் ஆகுங்கள் என்றார். அவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அபிதா வீட்டுக்கு வந்தாள். "பொங்கல் கழியட்டும்," என்றார் ஸ்ரீரங்கன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை, பால் பாத்திரத்தோடு சமையலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் சடங்கு முடிந்த மாலை அந்த ரிப்போர்ட் மின்னஞ்சலில் வந்தது. லைம் நோய். மான் மேயும் புல்லில் இருக்கும் உண்ணி கடித்து வருவது. அதை அச்செடுத்துக்கொண்டு, தனியாகப் போய் அந்த இளவயது டாக்டரைப் பார்த்தார். "இதயத்தைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம் சார். நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா மாத்திரைலயே சரி பண்ணியிருக்கலாம்," என்றார் டாக்டர். அந்தக் காகிதத்தை நான்காக மடித்து அபிதாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தார் ஸ்ரீரங்கன். யாரிடமும் மூச்சு விடவில்லை. பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? உன் பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில், உன் வீட்டுக் கொல்லையில்தான் உன் அம்மாவுக்குச் சாவு ஒட்டிக்கொண்டது என்றா? அதை உன்னிடம் சொல்லாதே என்று தடுத்தவன் நான்தான் என்றா? ஊருக்கு மாரடைப்பு என்று சொல்லி வைத்தார். மகளுக்கும் அதுவே.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம்.

ஆறரை மணிக்கு மாசிகம் செய்துவைக்கும் வாத்தியார் வந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது, ஒன்று பொழிச்சலூர். மந்திரத்தை விட வேகமாக வண்டி ஓட்டுகிறவர். "மாமா, ஏழரைக்குள்ள முடிச்சுடலாம். பொண்ணு லைன்ல வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தர்ப்பையைப் பிரித்தார். ஒவ்வொரு மாசிகத்துக்கும் ஸ்ம்ருதி வீடியோவில் வந்து நமஸ்காரம் பண்ணுவது வழக்கமாகியிருந்தது. போனைப் பித்தளைச் சொம்பில் சாய்த்து வைத்தார் ஸ்ரீரங்கன். அங்கே இரவு ஒன்பதரை மணி.

ஸ்ம்ருதி புடவையில் வந்தாள். கண் கலங்கியிருந்தது. அம்மா படத்தைக் காட்டச் சொல்லி, தரையில் விழுந்து நமஸ்கரித்தாள். அப்போது குளித்த ஈரம் சொட்டச் சொட்ட, இடுப்பில் துண்டு கூட நிற்காமல், ஐந்து வயதுப் பேரன் ராகவேந்திரா திரைக்குள் ஓடி வந்தான்.

"தாத்தா! பாட்டி கார்டன்ல மிண்ட் வந்துடுத்து! நான்தான் டெய்லி தண்ணி விடறேன்!"

"ஆமாம்ப்பா," என்று ஸ்ம்ருதி சிரித்தாள். "அம்மா போட்ட பாத்தியை நாங்க கலைக்கவே இல்லை. தினம் சாயங்காலம் இவன்தான் போய்ப் புல்லுக்குள்ள உக்காந்துண்டு பாட்டிகிட்டப் பேசறான். அம்மா ஞாபகமா அது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு..."

பையன் ஒரு குதி குதித்துத் திரும்பினான். அவன் முதுகும் காலும் திரை முழுக்கத் தெரிந்தன. இடது தொடையின் பின்புறம் ஒரு சிவப்பு வளையம்.

ஸ்ரீரங்கன் சொம்பிலிருந்து போனை எடுத்துக் கண்ணருகே கொண்டுவந்தார்.

"அது... அது என்ன கொழந்தை கால்ல?"

"எது? ஓ, அதுவா? கொசு கடிச்சிருக்கும்ப்பா. நாலு நாளா இருக்கு. க்ரீம் போட்டிருக்கேன். அடுத்த வாரம் எப்படியும் செக்கப் போகணும், அப்போ காட்டிக்கறேன். சரி, இவன் தூங்கணும். வெச்சுடட்டுமா?"

சொல்ல வாய் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார். திரை அணைந்தது.

வாத்தியார் சங்கல்பத்தை ஆரம்பித்தார். ஸ்ரீரங்கன் உதடு மட்டும் அசைந்தது. தண்ணீரை விடச் சொன்னால் எள்ளை எடுத்தார். எள்ளை இறைக்கச் சொன்னால் கை அப்படியே நின்றது. அடுத்த வாரம். எல்லாம் அடுத்த வாரத்தில்தான் போகிறது. ஜுரம் வந்தால் விளையாடிய அலுப்பு என்பார்கள். கால் வலித்தால் வளர்கிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்பார்கள். பாட்டிக்கு ஆறேழு மாதம் பிடித்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பிடிக்கும்? சொன்னால் மகள் தன்னையே வெறுத்துக்கொள்வாள், இல்லையானால் இவரை வெறுப்பாள். சொல்லாவிட்டால்? எள் இறைத்துக்கொண்டிருக்கும் இந்தக் கையைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"மாமா, போனவா பேரைச் சொல்லுங்கோ," என்றார் வாத்தியார்.

ஸ்ரீரங்கன் கையிலிருந்த எள்ளைத் தட்டில் திரும்பப் போட்டார்.

"மாமா, பேரு. அபிதகுஜாம்பான்னு நீங்க வாய்விட்டுச் சொல்லணும்."

"என்னால சொல்ல முடியாது," என்றார் ஸ்ரீரங்கன். விரலிலிருந்த தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். "இருங்கோ. ஒரு போன் பண்ணணும்."

"நடுவுல எழுந்திருக்கக் கூடாது மாமா!"

"தெரியும்."

ஸ்ம்ருதிக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தருக்கு அடித்தார். அவரும் எடுக்கவில்லை. படுத்திருப்பார்கள். ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தவர் கால் தடுக்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வாத்தியார் பயந்துபோய், படியில் இறங்கிக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். சபீஹா கையில் மாவோடு அப்படியே ஓடி வந்தாள்.

"என்னண்ணா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ரிப்போர்ட் வந்துதும்மா," என்றார் ஸ்ரீரங்கன். "நான் உன்கிட்டப் பொய் சொன்னேன். அந்த உண்ணி வியாதி இருக்குன்னுதான் வந்துது. இப்போ கொழந்தை கால்ல..." மேலே சொல்ல முடியாமல் போனை நீட்டினார். அதில் அபிதா போன வருடம் அனுப்பிய படம் இருந்தது. இத்தனை நாளில் அதை அழிக்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை, திறந்து பார்க்கவும் வரவில்லை.

சபீஹா படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "அப்புறம் பேசலாம். இப்ப அடிங்க. எடுக்கற வரைக்கும் அடிங்க. நானும் என் போன்ல அடிக்கிறேன், நம்பர் சொல்லுங்க."

ஒன்பதாவது தடவை ஸ்ம்ருதி எடுத்தாள். இந்தியாவிலிருந்து அந்நேரத்தில் விடாமல் போன் வந்தால் அங்கே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவள் குரல் கிறீச்சிட்டது. "அப்பா! உங்களுக்கு என்ன? யாரு பேசறது? அப்பாவுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ராகவ் எங்க?"

"தூங்கறான். ஏம்ப்பா?"

"அவன் உடம்பு சுடறதா பாரு. உடனே பாரு."

அவள் எழுந்து போகும் காலடி ஓசை கேட்டது. பிறகு, "லேசா சுடறதுப்பா. குளிச்சதுனால..."

"இல்லை. கேளு. நடுவுல பேசாம கேளு."

ஒன்றையும் விடாமல் சொன்னார். புகைப்படம் வந்த நாள், தேங்காயெண்ணெய், டாக்டர் முன்னால் தான் பதில் சொன்னது, பொங்கல் கழியட்டும் என்றது, புடவைக்கு அடியில் இருக்கும் காகிதம். சொல்லிக்கொண்டே படத்தையும் ரிப்போர்ட்டையும் அவளுக்கு அனுப்பினார். சபீஹா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் பொழிச்சலூரை மறந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

இரண்டையும் அவள் திறந்து பார்த்ததற்கான நீலக் குறி போனில் விழுந்தது.

"அம்மா என்னோட ஆத்துல இருந்தாப்பா," என்றாள் ஸ்ம்ருதி கடைசியில். குரல் அடியோடு மாறியிருந்தது. "இந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்குக் கூட இந்த வளையம் தெரியும். ஸ்கூல்ல படம் ஒட்டியிருக்கா. நாங்க வேற ஊர்லேர்ந்து வந்தவா, நான்தான் அந்தப் படத்தை நின்னு கவனிக்காம இருந்துட்டேன். ஆனா அம்மா ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா நான் தேடியாவது பாத்திருப்பேனே. அடுத்த ரூம்ல இருந்தாப்பா அவ. கைக்கெட்டற தூரத்துல இருந்தா."

"தப்பு என்னுதும்மா."

"ஆமா. உங்களுதுதான்."

போன் அணைந்தது. பாதியில் நின்ற மாசிகத்தை வாத்தியார் எப்படியோ முடித்து வைத்தார். தட்சிணை கூடக் கேட்காமல் போனார்.

மறுநாள் ஷ்யாம்சுந்தரிடமிருந்து இரண்டே வரியில் செய்தி வந்தது. டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், அதேதான், மருந்து ஆரம்பித்தாயிற்று. அதன்பிறகு பதினோரு நாள் ஸ்ம்ருதி பேசவில்லை. அந்தப் பதினோரு நாளை ஸ்ரீரங்கன் எப்படிக் கழித்தார் என்று சொல்லி முடியாது. போன் மணி அடித்தால் குழந்தைக்கு என்னவோ என்று பயந்து ஓடினார். அடிக்காவிட்டாலும் அதே பயம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இறங்கவில்லை. சபீஹா கொடுத்தனுப்பும் கஞ்சியைத்தான் குடித்தார். நடந்ததைப் பற்றி அவளும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை ஸ்ம்ருதி கூப்பிட்டாள்.

"வளையம் போயிடுத்து. ஜுரம் இல்லை. சீக்கிரமே பாத்துட்டதால பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொல்றார்," என்றாள். "உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்கோ. அதுக்கு நாளாகும். ஆனா நீங்க அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா நான் ரெண்டு பேரைத் தொலைச்சிருப்பேன். அம்மா ஞாபகமா வெச்சிருந்த தோட்டத்துக்கு நான்தானே என் பிள்ளையை தினம் அனுப்பினேன்? அம்மா எதனால போனான்னு தெரியாம எப்படிப்பா அம்மாவை நெனச்சுக்கறது? எல்லார்கிட்டயும் சொல்லுங்கோ. அந்த வியாதி பேரோட சொல்லுங்கோ."

அன்றே அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீரங்கன் எழுதினார். தன் மனைவி மாரடைப்பால் சாகவில்லை, ஏழு மாதம் லைம் நோயோடு வாழ்ந்து செத்தாள் என்று எழுதினார். இது தொட்டால் ஒட்டாது, புல்லில் இருக்கும் எள்ளளவு உண்ணியால் வருவது, ஆரம்பத்தில் தெரிந்தால் குணமாவது என்று எழுதினார். தான் செய்ததையும் ஒளிக்காமல் எழுதினார். சிலர் கும்பிடுகிற படம் போட்டார்கள். இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். வீட்டு அழுக்கை வெளியில் கொட்டுவதா என்று யாரோ கேட்டதும் காதுக்கு வந்தது.

இரண்டாம் மாடி ஜெரூஷா மட்டும் நேரில் வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். கண்ணெல்லாம் பயம்.

"அங்கிள், எங்க அம்மா அடுத்த மாசம் அண்ணன் வீட்டுக்கு நியூஜெர்சி போறாங்க. உண்ணி எப்படி இருக்கும், என்ன பார்க்கணும்னு எழுதிக் குடுங்க. அம்மா எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க."

"அவா சொல்லாம இல்லம்மா," என்றார் ஸ்ரீரங்கன். "நாமதான் கேக்கறதில்லை. என் பொண்டாட்டி சொன்னா. மூணு தடவை சொன்னா. அவ வலியை நான் நம்பலை, டாக்டர்கிட்ட அவளைப் பேச விடலை. செத்ததுக்கு அப்புறம் அவ வியாதியோட பேரையும் மறைச்சேன். அந்த மறைச்ச வியாதிதான் என் பேரன் கால்ல வந்து ஒக்காந்தது. வலிக்கிறதுன்னு வீட்டுல ஒருத்தர் சொன்னா நம்புங்கோ, உடனே டாக்டர்கிட்டப் போங்கோ, அங்க அவாளையே பேச விடுங்கோ. யாராவது போயிட்டா எதனாலன்னு ஊருக்குச் சொல்லுங்கோ. அதைச் சொன்னாத்தான் இருக்கறவா பிழைப்பா."